மைக்கேல் ஸ்காட் போன பிறகா, அதற்கு முன்பேயா? 'தி ஆஃபீஸ்' தொடரின் ஒன்பது சீசன்களைப் பற்றி

'தி ஆஃபீஸ்' அமெரிக்கத் தொடர் 2005 மார்ச் 24 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கி, ஒன்பது சீசன்கள் ஓடி, 2013 மே 16 அன்று முடிந்தது. முடிந்து இத்தனை ஆண்டுகளான பின்னும் அதன் ரசிகர்களிடையே ஒரு வழக்கு மட்டும் தீரவில்லை. தொடரின் தரம் கெட்டதா, கெட்டது என்றால் எந்த இடத்தில் கெட்டது என்பதே அது. மிகப் பலர் சொல்லும் விடை எளியது: கிளை மேலாளர் மைக்கேல் ஸ்காட்டாக நடித்த ஸ்டீவ் கேரல் 2011 ஏப்ரலில் விலகினார், அன்றோடு தொடரும் முடிந்துவிட்டது என்பார்கள். இந்த விடையை நான் ஏற்கவில்லை. சரிவு அவர் போவதற்கு ஒன்றரை ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அவருடைய நடிப்பின் வலிமையால் அது நம் கண்ணில் படாமல் இருந்தது என்பதே என் எண்ணம்.

இதுவரை பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்கிராண்டன் நகரில், டண்டர் மிஃப்ளின் என்னும் காகித விற்பனை நிறுவனத்தின் கிளை அலுவலகம் ஒன்று இருக்கிறது. அதன் அன்றாட வாழ்க்கையை ஓர் ஆவணப்படக் குழு படம் பிடிப்பதாகப் பாவனை. ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீஃபன் மெர்ச்சன்ட்டும் பி.பி.சி.க்காக 2001-இல் உருவாக்கிய பிரிட்டிஷ் தொடரை கிரெக் டேனியல்ஸ் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். ஆறே எபிசோட்கள் கொண்ட முதல் சீசன் மூலத்தின் நிழலிலேயே நின்றது. முதல் எபிசோட் ஏறக்குறைய அதன் நகல்தான். அதில் வரும் மைக்கேல் ஸ்காட் எரிச்சலூட்டுகிற மனிதர், அவ்வளவே. இரண்டாவது சீசனில் எழுத்தாளர்கள் அவருக்கு இரண்டு குணங்களைச் சேர்த்தார்கள். ஒன்று, எல்லோரும் தன்னை நேசிக்க வேண்டும் என்ற தீராத ஏக்கம். மற்றொன்று, விற்பனையில் உண்மையான திறமை.

அந்தத் திறமையை 'தி க்ளையன்ட்' என்ற எபிசோடில் பார்க்கலாம். மாவட்ட நிர்வாகத்துக்குக் காகிதம் வழங்கும் ஒப்பந்தத்துக்காக வந்த அதிகாரியை, மேலதிகாரி ஜேன் ஏற்பாடு செய்த கண்ணியமான இடத்தை விட்டுவிட்டு, மைக்கேல் ஒரு சாதாரண சில்லீஸ் உணவகத்துக்கு அழைத்துச் செல்கிறார். தொழிலைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் மணிக்கணக்கில் நகைச்சுவைத் துணுக்குகள் சொல்கிறார். ஜேன் பொறுமை இழக்கிறார், நாமும்தான். கடைசியில், பெரிய நிறுவனங்கள் விலையைக் குறைத்துச் சின்ன நிறுவனங்களை விழுங்குவதையும், உள்ளூர்க்காரனுக்கு உள்ளூர்க்காரன் செய்யும் சேவையின் மதிப்பையும் ஓரிரு வாக்கியங்களில் அவர் சொல்லும்போது ஒப்பந்தம் கைக்கு வந்துவிடுகிறது. அவ்வளவு நேரமும் அவர் தொழில்தான் செய்துகொண்டிருந்தார் என்பது நமக்கு அப்போதுதான் உறைக்கிறது. இந்தத் தொடரின் பலம் இங்கே இருக்கிறது. பாத்திரங்கள் எவ்வளவு கோணலானவர்களாக இருந்தாலும், அவர்கள் ஒரு வேலையைச் செய்து மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள். அந்த வேலை போய்விடலாம் என்ற அச்சம் எப்போதும் அறையின் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும்.

2006-இல் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருதைப் பெற்ற அந்த இரண்டாவது சீசனில்தான் 'தி இஞ்சுரி' எபிசோடும் இருக்கிறது. மைக்கேல் வீட்டில் இறைச்சி சுடும் மின்சாதனத்தின் மீது காலை வைத்துச் சுட்டுக்கொண்டு, அனைவரும் தனக்குப் பணிவிடை செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். அவரை அழைத்துவர விரைந்த விற்பனையாளர் ட்வைட்டோ காரைக் கம்பத்தில் மோதி மூளை அதிர்ச்சியோடு திரிகிறார். அதை மைக்கேல் பொருட்படுத்துவதே இல்லை. இதை எழுதியவர் மிண்டி கேலிங். அதே அலுவலகத்தின் ஊழியர் கெல்லி கபூராக நடித்தவரும் அவரே. (தந்தை வழியில் அவர் தமிழர், சொக்கலிங்கம் குடும்பத்துப் பெண் என்பதை நம்மவர்கள் பலர் அறிந்திருப்பார்கள்.) கேரலின் நடிப்பை அடையாளம் காட்ட ஒரே ஒரு எபிசோடைத் தேர்வு செய்யச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். இந்தப் பாத்திரத்துக்காக அவருக்கு எம்மி விருது ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை என்பது எம்மி விருதுக்குத்தான் குறை.

நான்காவது சீசனின் 'டின்னர் பார்ட்டி'யை உச்சம் என்று ரசிகர்கள் அனேகமாக ஒரே குரலில் சொல்கிறார்கள். மைக்கேலும் ஜேனும் சேர்ந்து வாழும் வீட்டில் நடக்கும் கொடுமையான விருந்து அது. சுவரில் மாட்டிய சின்னஞ்சிறு பிளாஸ்மா டி.வி.யைச் சுவரோடு சேர்த்துத் தள்ளிவிட்டு மைக்கேல் அடையும் பெருமிதம், கட்டிலின் கால்மாட்டில் அவர் படுத்துறங்கும் குட்டி பெஞ்ச், இரவு முழுவதும் வேகாத இறைச்சி எல்லாம் நினைவில் நிற்பவை. ஆனால் அந்த விருந்து எப்படி நடக்க நேர்ந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விற்பனையாளர் ஜிம், மைக்கேல் விருந்துக்கு அழைத்த ஒவ்வொரு முறையும் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தார். எனவே தலைமையகத்திலிருந்து அவசர வேலை வந்திருக்கிறது, அனைவரும் இரவு தங்க வேண்டும் என்று மைக்கேல் பொய் சொல்கிறார். எல்லோரும் தங்கள் ஏற்பாடுகளை ரத்து செய்த பிறகு, தான் போராடி அந்த வேலையை நீக்கிவிட்டதாக அறிவித்து, இப்போது சும்மாதானே இருக்கிறீர்கள் என்று ஜிம்மையும் அவருடைய காதலியான வரவேற்பாளர் பாமையும் பிடித்துக்கொள்கிறார். வீட்டில் நடக்கும் கதைக்கும் அலுவலக அதிகாரம்தான் திறவுகோல். மேலதிகாரி அழைத்தால் மறுக்க முடியாத சங்கடம் இல்லாவிட்டால் அங்கே நகைச்சுவையே இல்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் சரிவு எங்கே என்பது தெளிவாகும். ஐந்தாவது சீசனில் மைக்கேல் வேலையை உதறிவிட்டு, பாமையும் பழைய ஊழியர் ரையனையும் சேர்த்துக்கொண்டு சொந்தக் காகித நிறுவனம் தொடங்குகிறார். அதே கட்டடத்தில், கழிவறைத் தண்ணீர் குழாயில் இறங்கும் ஓசை கேட்கும் ஒரு பொந்துதான் அலுவலகம். விடியும் முன்பே எழுந்து பழைய வேனில் தாங்களே சரக்கு விநியோகிக்கிறார்கள். வாடிக்கையாளர்கள் குவிகிறார்கள், ஆனால் விலையைத் தவறாக நிர்ணயித்ததால் விற்க விற்க நட்டம் கூடுகிறது. பழைய நிறுவனத்துக்கோ இவர்கள் திவாலாகும் நிலையில் இருப்பது தெரியாது. அந்த அறியாமையை வைத்தே மைக்கேல் பேரம் பேசி மூவருக்கும் வேலையைத் திரும்ப வாங்கித் தருகிறார். தொழிலின் கணக்கு கதையின் போக்கைத் தீர்மானித்த கடைசி நீண்ட கதை இதுதான் என்பேன்.

2009 அக்டோபரில், ஆறாவது சீசனில், ஜிம்முக்கும் பாமுக்கும் நயாகராவில் திருமணம் நடந்தது. அழகான எபிசோட். ஆனால் அதன் பின் அந்த இருவருக்கும் எழுத்தாளர்களிடம் கதை இல்லை. ஜிம் இணை மேலாளர் ஆனதும் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து கேலி செய்யும் உரிமையை இழந்தார். நிறுவனம் நொடித்துப்போவதாக வந்த கதை நல்ல வாய்ப்பு. மூழ்கும் கப்பலில் சாதாரண ஊழியர்கள் என்ன ஆவார்கள் என்று காட்டியிருக்கலாம். புளோரிடாவைச் சேர்ந்த சேபர் என்ற அச்சுப்பொறி நிறுவனம் வந்து வாங்கியதோடு அந்த அச்சம் தீர்ந்தது. மீண்டும் வரவும் இல்லை. கிரெக் டேனியல்ஸ் அந்தக் காலத்தில் மைக்கேல் ஷூருடன் சேர்ந்து 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' தொடரைத் தொடங்கியிருந்தார் என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

இதே சீசனின் 'ஸ்காட்ஸ் டாட்ஸ்' எபிசோடைச் சரிவின் சான்றாகக் காட்டுகிறவர்களோடு மட்டும் நான் உடன்படவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் ஏழைப் பள்ளிக் குழந்தைகளின் கல்லூரிச் செலவை ஏற்பதாக வாக்களித்த மைக்கேல், கையில் பணமில்லாமல் அவர்கள் முன் நின்று, மடிக்கணினிக்கான பேட்டரிகளைத் தருகிறார். பார்ப்பது துன்பம். ஆயினும் அந்த வாக்குறுதி அன்புக்கு ஏங்கும் அந்த மனிதரின் குணத்திலிருந்தே பிறந்தது. சங்கடத்தைத் தாங்க முடியாததால் மோசமான எழுத்து என்று சொல்வது நியாயமில்லை.

மோசமான எழுத்து எது என்று கேட்டால் கணக்குப் பிரிவில் இருக்கும் கெவின் மலோனைக் காட்டுவேன். தொடக்க சீசன்களில் அவர் மெதுவாகப் பேசும், சற்றே ஆபாசமான, ஆனால் விவரம் தெரிந்த மனிதர். இசைக்குழு வைத்திருக்கிறார், போக்கர் போட்டியில் பட்டம் வென்றவர். நான்காவது சீசனின் கடைசி எபிசோடில், மனிதவளப் பிரிவுக்குப் புதிதாக வந்த ஹாலியிடம் ட்வைட் கெவினைப் பற்றி விஷமமாக ஏதோ சொல்லிவைக்க, அவர் கெவினை மனவளர்ச்சி குன்றியவர் என்று நம்பி, குழந்தையிடம் பேசுவது போல் பேசுகிறார். அங்கே சிரிப்பு ஹாலியின் மீதுதான். கெவின் அப்படிப்பட்டவர் அல்ல என்று நமக்குத் தெரியும் என்பதால்தான் அது நகைச்சுவை. அடுத்து வந்த சீசன்களில் எழுத்தாளர்களே ட்வைட்டின் பொய்யை நம்பிவிட்டார்கள். கடைசி எபிசோடுக்கு வரும்போது, கணக்கு ஒத்துவராத இடங்களில் இல்லாத எண் ஒன்றைத் தானே கண்டுபிடித்துச் சேர்த்து வந்த கணக்கராக அவர் நிற்கிறார். அப்படிப்பட்டவரை எந்த அலுவலகமும் ஒன்பது ஆண்டுகள் வைத்திருக்காது என்ற கேள்வி நமக்கு எழும் கணத்தில் ஆவணப்படப் பாவனையும் உடைந்துபோகிறது.

ஏழாவது சீசனின் பிற்பகுதி மீண்டும் எழுந்து நிற்கிறது. மைக்கேல் நேசிக்கும் ஹாலியின் வரவால் அவருக்குப் போவதற்கு ஓர் இடம் கிடைக்கிறது. 'குட்பை, மைக்கேல்' எபிசோடில், விமான நிலையத்தில் சட்டையிலிருந்த மைக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவர் நடக்க, பின்னால் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் பாமிடம் சொல்லும் எதுவும் நமக்குக் கேட்பதில்லை. ஏழு சீசன்கள் ஒட்டுக்கேட்டு வந்த ஒரு தொடர் அந்த ஓரிடத்தில் காதை மூடிக்கொண்டது மிகச் சிறந்த முடிவு. புது மேலாளராக மைக்கேல் போகும் முன்பே வந்த வில் ஃபெரெல், அவர் போனதும் தானும் போனார். சீசன் இறுதியில் ஜிம் கேரி முதலான நட்சத்திரங்கள் நேர்காணலுக்கு வரிசையில் உட்கார்ந்தார்கள். யாரையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

எட்டாவது சீசன்தான் அடிமட்டம், அதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் பழியை ஜேம்ஸ் ஸ்பேடர் மீது போடுவது தவறு. மேலாளர் பதவிக்கு வந்து, உரிமையாளரையே பேசி மயக்கி அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட ராபர்ட் கலிபோர்னியா பாத்திரத்தை அவர் உயிரோடு நடித்தார். குறை விற்பனையாளர் ஆண்டியை மேலாளராக்கியதில் இருக்கிறது. கோபத்தை அடக்கத் தெரியாத அந்த மனிதரை மைக்கேலின் மென்மையான நகலாக மாற்றினார்கள். விற்பனை கூடினால் தன் பின்புறத்தில் பச்சை குத்திக்கொள்வதாக அவர் ஊழியர்களுக்கு ஊக்கப் பரிசு அறிவிக்கும் எபிசோட் சிரிக்க வைக்கிறது. ஆனால் 'தி க்ளையன்ட்'டில் வயிற்றுப்பாடாக இருந்த விற்பனை இங்கே வெறும் விளையாட்டுச் சாக்காகிவிட்டது. புளோரிடாவுக்குச் சிலரை அனுப்பிவைத்த எபிசோட்களில் அலுவலகம் என்ற உணர்வே மறைந்துவிடுகிறது.

ஒன்பதாவது சீசனுக்கு டேனியல்ஸ் திரும்பி வந்ததன் பயன் தெரிகிறது. பிலடெல்பியாவில் தொழில் தொடங்கிய ஜிம்முக்கும் ஸ்கிராண்டனில் குழந்தைகளோடு நிற்கும் பாமுக்கும் இடையே விரிசல் விழுகிறது. வேலையும் வாழ்க்கையும் மீண்டும் ஒன்றையொன்று உரசுகின்றன. மகளின் நடன நிகழ்ச்சியைப் பாம் சரியாகப் பதிவு செய்யவில்லை என்று தொலைபேசியில் ஜிம் கடிந்துகொள்ள, அவர் அழும்போது, ஒலிப்பதிவாளர் பிரையன் கேமராவுக்குள் வந்து தேற்றுகிறார். இந்தக் காட்சியை ரசிகர்களில் பெரும்பாலோர் வெறுக்கிறார்கள். எனக்கு இது தொடரின் துணிச்சலான எண்ணங்களில் ஒன்று. இத்தனை ஆண்டுகள் படம் பிடித்தவன் ஒருநாள் கருவியைக் கீழே வைத்துத்தான் ஆக வேண்டும். சில எபிசோட்களிலேயே அதைக் கைவிட்டுவிட்டதுதான் பிழை. ஆண்டியைப் படகில் ஏற்றி மாதக்கணக்கில் அனுப்பிவிட்டு, கொடியவராகத் திரும்பக் கொண்டுவந்ததற்கு மட்டும் எந்தச் சமாதானமும் கிடையாது.

2020-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கர்கள் இந்தத் தொடரை இணையவழியில் 5,700 கோடி நிமிடங்களுக்கு மேல் பார்த்ததாக நீல்சன் நிறுவனம் கணக்கிட்டது. இப்படி அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கும், வாரம் ஒன்று என்று காத்திருந்து பார்த்தவர்களுக்கும் தீர்ப்பு மாறுவதில் வியப்பில்லை. ஒரே மாதத்தில் ஒன்பது சீசன்களையும் முடிப்பவருக்கு கெவினின் மாற்றம் பளிச்சென்று தெரியும். ஆனால் ஒரு பலவீனமான எபிசோட் அவருக்கு ஒரு வார ஏமாற்றமாகத் தங்குவதில்லை, இருபத்திரண்டு நிமிடங்களில் அடுத்தது வந்துவிடுகிறது. எட்டாவது சீசனை மன்னிப்பவர்கள் பெரும்பாலும் இவர்களே என்று தோன்றுகிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் சீசனை வைத்து முடிவு செய்ய வேண்டாம். நேரே இரண்டாவது சீசனிலிருந்து தொடங்கினால் எதுவும் புரியாமல் போகாது. ஐந்தாவது சீசனின் இறுதிவரை ஒன்றையும் தவிர்க்கக் கூடாது. ஆறில் திருமணத்துக்குப் பின் பொறுக்கிப் பார்க்கலாம். ஏழின் இரண்டாம் பாதியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எட்டில் ராபர்ட் கலிபோர்னியா வரும் காட்சிகளுக்காக முதல் சில எபிசோட்கள் போதும். புளோரிடாவை அப்படியே தாண்டிவிடலாம். ஒன்பதில் ஆண்டி பேசும்போது எழுந்துபோய்க் காப்பி போட்டுக்கொண்டு வரலாம். கடைசி எபிசோடில் ட்வைட்டின் திருமணத்துக்கு மைக்கேல் வருகிறார்; ஆனால் மிகச் சில கணங்கள்தான் தோன்றுகிறார். அவரை முழு எபிசோடும் பேச வைக்கும் ஆசை யாருக்கும் வந்திருக்கும். அப்படிச் செய்திருந்தால் மீதி ஊழியர்களுக்கு விடைபெற இடமே கிடைத்திருக்காது.