மலை டெய்சிகளுக்கு ஒரு 10 மடங்கு கை லென்ஸ்: இரண்டு பூக்காலம் பயன்படுத்திய பிறகு

பொருள் ரொம்பச் சின்னது. கட்டைவிரல் அளவுதான், மடக்கிச் சட்டைப்பையில் போட்டால் எங்கே போனதென்று தேட வேண்டியிருக்கும். நகை ஆசாரி கண்ணருகே வைத்துக் கல் பார்ப்பாரே, ஏறக்குறைய அதே மாதிரிதான். 10 மடங்கு பெரிதாக்கும், உள்ளே மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்தது. இதற்குப் போய் இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்று கேட்பவர்கள் மலைப் புல்வெளியில் நின்று, ஒரே ஊதா நிறத்தில், ஒரே உயரத்தில், ஒரே மஞ்சள் பொட்டோடு ஆடும் இரண்டு பூக்களுக்குப் பெயர் சொல்ல முயன்றிருக்க மாட்டார்கள்.

இதை வாங்குவதற்கு முன் நான் நம்பியிருந்தது படத்தைப் பார்த்துச் செடியின் பெயர் சொல்லும் செல்போன் செயலியைத்தான். ஒரே செடியை மூன்று கோணத்தில் படமெடுத்துக் கொடுத்தேன். முதலில் ஆஸ்டர் என்றது, அப்புறம் எரிஜெரான் என்றது (இரண்டும் டெய்சிக் குடும்பத்தின் பேரினங்கள், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுப்புகள்), மூன்றாவது முறை தோட்டத்தில் வளர்க்கும் ஏதோ ஒன்றின் பெயரைச் சொன்னது. கோபம் வந்தது, ஆனால் பாதித் தப்பு என்னுடையது. மூன்று படத்திலும் நான் எடுத்திருந்தது பூவின் முகத்தைத்தான். இந்த டெய்சிக் குடும்பத்தில் முகத்தை நம்பவே கூடாது, ஆள் யாரென்று முதுகுதான் சொல்லும்.

டெய்சியில் நாம் ஒரு பூ என்று நினைப்பது ஒரு பூவே இல்லை, பெரிய கூட்டம். நடுவில் இருக்கும் மஞ்சள் பொட்டு முழுக்கக் குட்டிக் குழல் பூக்கள், சுற்றிலும் நாம் இதழ் என்று சொல்லும் ஒவ்வொன்றும் தனித்தனி ஓரப்பூ. இத்தனையையும் அடியிலிருந்து தாங்கிப் பிடிக்கும் பச்சைச் செதில்கள் ஒரு கிண்ணம் மாதிரி இருக்கும். லென்ஸ் வாங்கின பிறகு நான் முதலில் பழகியது பூவைப் பறிக்காமல் காம்போடு மெல்லச் சாய்த்து இந்தக் கிண்ணத்தைப் பார்ப்பதுதான். ஆஸ்டர் என்றால் செதில்கள் பல வரிசையாக, கூரைக்கு ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருக்கும், வெளி வரிசை குட்டையாக, உள்ளே போகப் போக நீளமாக. எரிஜெரான் என்றால் ஒன்று அல்லது இரண்டு வரிசைதான், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே உயரம், ஒல்லியாக, வேலிக்கு அடித்த குச்சிகள் மாதிரி நிற்கும். ஓரப்பூக்களும் எரிஜெரானில் நூல் நூலாக நெருங்கி இருக்கும், வட அமெரிக்காவின் ராக்கி மலைகளில் வளரும் எரிஜெரான் ஸ்பெசியோசஸில் எண்ணினால் 100ஐக்கூடத் தாண்டும். ஆஸ்டருக்கு அகலமாக, கொஞ்சம்தான். பொதுவாக எரிஜெரான் முந்திக்கொண்டு பூக்கும், ஆஸ்டர் கோடை முடியும் நேரத்தில் வரும், ஆனால் பனி தாமதமாக உருகும் உயரத்தில் இரண்டும் ஒன்றாகவே நிற்கும், அங்கே காலண்டரை நம்பிப் பிரயோஜனமில்லை.

விதிவிலக்குகள் இருக்கின்றன, அவைதான் ஆளைக் கொல்லும். ஆல்ப்ஸில் வளரும் ஆஸ்டர் அல்பைனஸ், பேர்தான் ஆஸ்டர், செதில்கள் கிட்டத்தட்ட ஒரே நீளம். எரிஜெரான் கிளேசியாலிஸுக்கோ ஓரப்பூக்கள் ஆஸ்டர் மாதிரி அகலம், முகத்தைப் பார்த்து நானே இரண்டு முறை ஏமாந்தேன், செதிலைப் பார்த்த பிறகுதான் சரியானது. போதாததற்கு 1994ல் வட அமெரிக்க ஆஸ்டர்களில் பெரும்பாலானவற்றைச் சிம்ஃபையோட்ரைகம், யூரிபியா என்று வேறு வேறு பேரினங்களுக்கு மாற்றிவிட்டார்கள், பழைய கையேட்டில் இருக்கும் பெயர் புதியதில் இருக்காது. அதற்கு எந்த லென்ஸும் உதவாது.

மஞ்சள் பூக்கள் தனித் தலைவலி. ஆங்கிலம் பேசும் தாவரவியலாளர்கள் இவற்றை டி.ஒய்.சி. என்று சுருக்கிச் சொல்வார்கள், பாழாய்ப்போன மஞ்சள் கூட்டுப்பூ என்று அர்த்தம், படித்தவர்களே அப்படித் திட்டும்போது நமக்கென்ன. ஆர்னிகா என்ற மஞ்சள் டெய்சியா இல்லையா என்று பார்க்க, உண்மையைச் சொன்னால், லென்ஸே வேண்டாம். தண்டில் இலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே இருந்தால் ஆர்னிகாவாக இருக்க வாய்ப்பு அதிகம், மாறி மாறி இருந்தால் செனிசியோ, டொரோனிகம் என்ற வேறு இரண்டு மஞ்சள் பேரினங்களின் பக்கம் போகலாம். அந்த இரண்டையும் பிரிக்கும்போதுதான் லென்ஸ் வெளியே வரும். செனிசியோவுக்கு ஒரே வரிசைச் செதில், அடியில் நாலைந்து பொடிச் செதில்கள் ஒட்டியிருக்கும், பல இனங்களில் நுனி மையில் தொட்ட மாதிரி கறுப்பாக இருக்கும். டொரோனிகத்துக்கு இரண்டு மூன்று வரிசை. (செனிசியோ, எரிஜெரான் இரண்டு பெயருக்குள்ளும் ஒரு கிழவர் இருக்கிறார், ஒன்று லத்தீன், இன்னொன்று கிரேக்கம். விதையில் வரும் வெள்ளை முடியைப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.)

அந்த முடிக்காகவே இந்த லென்ஸை வாங்கலாம். ஊதினால் பஞ்சாகப் பறக்கும் டாண்டிலியன் மாதிரியே இருக்கும் லியோன்டோடான் ஹிஸ்பிடஸின் முடியை லென்ஸில் பாருங்கள், ஒவ்வொரு இழையும் குட்டி இறகு, பக்கவாட்டில் கிளை விட்டிருக்கும். டாண்டிலியனில் வெறும் இழை. வெறுங்கண்ணுக்கு இரண்டும் பஞ்சுதான். ஆல்ப்ஸின் வெள்ளைப் பூவான எடல்வைஸும் இதே குடும்பம்தான் என்று எனக்கு முன்பு தெரியாது. அந்த வெள்ளை நட்சத்திரம் இதழே இல்லை, ரோமம் படர்ந்த இலைச் செதில்கள், நடுவில் இருக்கும் மங்கலான மஞ்சள் உருண்டைகள் ஒவ்வொன்றும் ஒரு டெய்சித் தலை. அதை முதல்முறை 10 மடங்கில் பார்த்தபோது குப்புறப் படுத்தபடி எவ்வளவு நேரம் இருந்தேனோ, எழுந்தபோது முழங்கை மரத்துப் போயிருந்தது.

சரி, பொருளுக்கு வருகிறேன். எந்த மடங்கு வாங்குவது என்று குழம்ப வேண்டாம், 10 போதும். முதலில் நான் இணையத்தில் வாங்கியது 30 மடங்கு என்று பொறித்த ஒன்று, பெயர் சொல்லவில்லை. கணக்கு எளிது: 250 மில்லிமீட்டரை மடங்கால் வகுத்தால் குவிய தூரம், ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான் பூ தெளிவாகத் தெரியும். 10 மடங்குக்கு 25 மில்லிமீட்டர், 30க்கு 8 சொச்சம், அதாவது பூ கண்ணாடியில் இடிக்கிற அளவு நெருக்கம். என்னுடைய 30 மடங்கு லென்ஸில் பூ இரண்டரை சென்டிமீட்டர் தள்ளித்தான் தெளிவாகத் தெரிந்தது, அப்படியென்றால் அதுவும் 10தான், பொறித்தது சும்மா. ஓரமெல்லாம் வானவில் வேறு. உண்மையான 20 மடங்கும் ஒருவரிடம் வாங்கிப் பார்த்தேன், இருட்டு, பார்வைப் பரப்பு குறுகல், காற்றடித்தால் பூ சட்டத்துக்குள் நிற்பதே இல்லை. இப்போதைய மூன்றடுக்கு லென்ஸில் ஓரம் வரை தெளிவு, நிறம் பிசிறுவதில்லை, செதில் நுனி கறுப்பா கரும்பச்சையா என்று பார்க்க அது முக்கியம்.

குறை உண்டு. மடக்கும் திருகு இரண்டாவது பூக்காலத்தில் தளர்ந்துவிட்டது, சின்னத் திருப்புளி எப்போதும் பையில். உடம்பு பளபள உலோகம், உச்சி வெயிலில் கண்ணில் அடிக்கிறது, கறுப்பு உடம்பில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கழுத்தில் மாட்டக் கயிறு கொடுக்கவில்லை, செருப்புக் கயிறு கட்டியிருக்கிறேன். பழகாதவர்கள் பூதக்கண்ணாடி மாதிரி கையை நீட்டிப் பிடித்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்பார்கள், லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பூவிடம் முகத்தைக் கொண்டுபோக வேண்டும். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள்.

செயலியை இன்னும் அழிக்கவில்லை. இப்போது அதற்கு முகம், முதுகு, தண்டோடு இலை என்று மூன்று படம் கொடுக்கிறேன், பேரினம் வரை பெரும்பாலும் சரியாகச் சொல்கிறது. இனத்தின் பெயரைச் சொல்லும்போது மட்டும் நான் மறுபடி குப்புறப் படுக்க வேண்டியிருக்கிறது.