ஒன்பது ஆண்டுகளாக என் தோட்டத்தில் ஒரு யூக்கா

யூக்கா, கத்திபோல் நீண்ட மடல்கள் கொண்ட அழகுச்செடி. அதை வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எவ்வளவு தண்ணீர், என்ன உரம் என்றுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: எங்கே நடப்போகிறீர்கள்?

என்னிடம் இருப்பது யூக்கா குளோரியோசா என்ற வகை. முழங்கால் உயரக் கன்றை, வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று நடைபாதை ஓரமாகவே நட்டேன். மூன்றாம் ஆண்டில் மடல்கள் பாதையை எட்டிவிட்டன. ஒவ்வொரு நுனியும் ஒரு கோணி ஊசி. களை பிடுங்கக் குனிந்த ஒரு காலையில், கண்ணுக்கு விரற்கடை கீழே கன்னத்தில் ஒன்று இறங்கியது. அன்றைக்கே மண்வெட்டியை எடுத்தேன். அடியில் கிழங்குபோல் தடித்த வேர். முழுதாக எடுக்க முடியவில்லை. மண்ணில் தங்கிய துண்டுகளிலிருந்து அடுத்த இரண்டு ஆண்டுகளும் பழைய இடத்தில் கன்றுகள் முளைத்துக்கொண்டே இருந்தன.

இப்போது அது புல்வெளியின் நடுவே, சரளை கலந்த சிறு மேட்டில், நாள் முழுக்க வெயிலில் நிற்கிறது. பின்னால் வெறும் சுவர். சுற்றிலும் கணுக்கால் உயரச் செடிகள் மட்டும். பக்கத்தில் வேறு உயரமான செடி எதையும் விடாதீர்கள், அந்த வடிவம் கலைந்துவிடும். மாலைச் சாய்வெயிலில் அதன் நிழல் சுவரில் விசிறியாக விரியும்போது, மற்ற பாத்திகள் காய்ந்து கிடப்பதுகூட எனக்குத் தெரிவதில்லை.

வேர் பிடிக்கும் வரைதான் தண்ணீர் ஊற்றினேன். பிரித்தெடுத்த கன்று ஒன்றைத் தொட்டியில் வைத்து, பாசத்தில் தினமும் ஊற்றியதில் அது அழுகிப்போனது. நடுக்குருத்தைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அடி கூழாகி நாறியது. உரம் நான் போட்டதே இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை காய்ந்த அடிமடல்களைக் கழிக்கிறேன், தடித்த கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. நாய், பூனை வளர்ப்பவர்கள் கவனிக்க: இதில் சபோனின் என்ற நச்சுப்பொருள் உண்டு, மென்றால் அவற்றுக்கு ஆகாது.

ஆறாம் ஆண்டில் பூத்தது. குருத்தின் நடுவிலிருந்து ஊதா படர்ந்த தண்டு கிளம்பி, காலையில் பார்த்ததைவிட மாலையில் உயர்ந்து நின்றது. பிறகு தந்த நிறத்தில் நூற்றுக்கணக்கான மணிகள் தலைகவிழ்ந்து தொங்கின. இரவில்தான் அவை நன்றாக விரியும். நாற்காலி போட்டு அருகிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றுகூடக் காய்க்கவில்லை. யூக்காவின் தாயகமான அமெரிக்கக் கண்டத்தில் இதற்கென்றே ஓர் அந்துப்பூச்சி உண்டு. பெண் பூச்சி மகரந்தத்தை உருண்டையாகத் திரட்டி இன்னொரு பூவுக்குக் கொண்டுபோய்ச் சூல்முடியில் திணிக்கும். அந்தப் பூவின் சூலகத்திலேயே முட்டையும் இடும். அதன் புழுக்களுக்கு விதைகளில் ஒரு பங்குதான் உணவு. இந்த உறவைத் தாவரவியலாளர் ஜார்ஜ் எங்கெல்மன் கவனித்தது 1872இல். இங்கே அந்தப் பூச்சி இல்லை.

பூத்த தலை அதற்குமேல் வளராது. அதைப் பார்த்துச் செடி போய்விட்டதென்று பயந்தேன். சில வாரங்களில் அதற்குக் கீழே மூன்று பக்கமொட்டுகள் கிளைத்தன. ஒற்றைத் தண்டாக நின்றது இப்போது மூன்று தலைகளோடு, கிழக்கே சற்றுச் சாய்ந்து நிற்கிறது. இந்த வாரம் அதில் ஒரு தலையின் நடுக்குருத்து வழக்கத்தைவிடத் தடித்திருக்கிறது. தினமும் காலையில் எழுந்ததும் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன்.