நேரலை விளையாட்டுக்கு எந்தச் சந்தா? ஒரே ஆட்டம், நான்கு வழிகள்

சினிமாவுக்கும் தொடருக்கும் எந்த ஓடிடி நல்லது என்று கேட்டால் சட்டென்று ஒரு பெயரைச் சொல்லிவிடலாம். நேரலை விளையாட்டுக்கு அது முடியாது. எந்த விளையாட்டு, எந்த அணி, எந்த நாட்டில் இருந்து பார்க்கப் போகிறீர்கள் என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் ஒப்பீடே தொடங்கும். ஒளிபரப்பு உரிமை நாடு நாடாகப் பிரித்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏலம் போகிற பொருள். ஒரு நாட்டில் எல்லா ஆட்டத்தையும் காட்டும் செயலி, எல்லை தாண்டினால் வெறும் ஹைலைட்ஸ் காட்டும்.

பெயர்கள் மாறினாலும் வழிகள் நான்குதான். முதலாவது, சேனல் தொகுப்பு: கேபிளில் வந்த அதே சேனல்களை இணையத்தில் தரும் யூடியூப் டிவி, ஸ்லிங், ஃபூபோ போன்றவை. இரண்டாவது, உரிமை வாங்கிய ஒளிபரப்பாளரின் சொந்தச் செயலி: ஈஎஸ்பிஎன், ஜியோஹாட்ஸ்டார், சோனிலிவ், டசோன். மூன்றாவது, லீக்கின் பெயரிலேயே விற்கப்படும் பாஸ்: என்பிஏ லீக் பாஸ் (அமெரிக்கக் கூடைப்பந்து), எம்எல்பி டிவி (அமெரிக்கப் பேஸ்பால்), எஃப்1 டிவி (கார் பந்தயம்). நான்காவது, படமும் தொடரும் பிரதானமாக வைத்துக்கொண்டு சில ஆட்டங்களை மட்டும் வாங்கும் பொது ஓடிடி: பிரைம் வீடியோ, நெட்ஃபிளிக்ஸ், ஆப்பிள் டிவி.

உரிமை யாரிடம்?

லீக் பாஸ் என்ற பெயரைக் கேட்டதும் அந்த லீக்கின் எல்லா ஆட்டமும் அதில் கிடைக்கும் என்று நினைப்பது இயல்பு. அமெரிக்காவில் என்பிஏ லீக் பாஸ் வாங்கியவர் சொந்த ஊர் அணியின் ஆட்டத்தைத் திறந்தால் பிளாக்அவுட், அதாவது உங்கள் பகுதியில் இந்த ஆட்டம் தடுக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தி வந்து நிற்கும். உள்ளூர் உரிமையை அணி ஒருவருக்கும், தேசிய உரிமையை லீக் இன்னொருவருக்கும் ஏற்கெனவே விற்றாகிவிட்டது. மிச்சம் இருப்பதுதான் பாஸில் வருகிறது. எம்எல்பி டிவியிலும் இதே கதை. 2023 முதல் யூடியூப் விற்கும், அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் சண்டே டிக்கெட்டும், பெயர் சொல்வதுபோல ஞாயிறு பிற்பகல் ஆட்டங்களில் உங்கள் பகுதியில் ஒளிபரப்பாகாதவற்றை மட்டுமே தரும். இரவு ஆட்டங்கள் அதில் இல்லை.

ஆகவே லீக் பாஸ் ஊரை விட்டு வந்தவருக்கான பொருள். அணி ஒரு நகரத்தில், ரசிகர் வேறு நகரத்தில் என்றால் அதைவிடச் சிறந்தது கிடையாது. அணி இருக்கும் நகரத்திலேயே குடியிருப்பவருக்கு அது ஏறக்குறைய வீண்செலவு. விதிவிலக்கும் உண்டு: 2023இல் ஆப்பிளுடன் பத்தாண்டு ஒப்பந்தம் தொடங்கியபோது எம்எல்எஸ் கால்பந்து பிளாக்அவுட்டையே கைவிட்டது. மற்ற லீக்குகளும் அப்படிச் செய்தால் ரசிகர்களுக்குப் பாதித் தலைவலி தீரும்.

பிரிட்டனில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை கால்பந்து ஆட்டங்களை நேரலையில் காட்டுவதில்லை என்ற கட்டுப்பாடு இருக்கிறது. மைதானத்துக்கு வரும் கூட்டம் குறையக் கூடாது என்பதற்காக வந்தது. அந்த நேரத்து இங்கிலாந்து லீக் ஆட்டத்தை உலகின் மறுபக்கத்தில் இருப்பவர் நேரலையில் பார்ப்பார், மைதானத்துக்கு நாலு தெரு தள்ளி இருப்பவர் பார்க்க முடியாது. எந்தச் சந்தாவாலும் அதை மாற்ற முடியாது.

சேனல் தொகுப்பின் பலவீனம் வேறு மாதிரி. சேனல் அவர்களுடையது இல்லை; ஒப்பந்தம் முறிந்தால் ஒரே இரவில் மறையும். 2025 அக்டோபர் 30 அன்று டிஸ்னியுடனான ஒப்பந்தம் காலாவதியாகி, ஈஎஸ்பிஎன் உள்ளிட்ட அதன் சேனல்கள் யூடியூப் டிவியிலிருந்து போயின. நவம்பர் 14இல்தான் திரும்பின. அமெரிக்கக் கால்பந்துப் பருவத்தின் நடுவே இரண்டு வாரம். ஒளிபரப்பாளரின் சொந்தச் செயலியில் இந்த ஆபத்து இல்லை. அங்கே ஆபத்து உரிமைக்காலம் முடியும் நாளில் வரும்: ஆண்டுச் சந்தா கட்டிய மூன்றாம் மாதம் உங்கள் லீக் வேறு செயலிக்குப் போயிருக்கும். உரிமை எந்தப் பருவம் வரை என்று பார்க்காமல் ஆண்டுச் சந்தா கட்டக் கூடாது.

சேர்வதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கடந்த பருவத்தில் நீங்கள் விரும்பிப் பார்த்த பத்து ஆட்டங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றும் எங்கே ஒளிபரப்பானது என்று எதிரே குறியுங்கள். பிறகு லீக்கின் சொந்தத் தளத்தில் வரும் பருவத்தின் ஒளிபரப்புப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். விளம்பரத்தில் உள்ள லோகோக்களை நம்ப வேண்டாம். லோகோ போட்டவர்கள் எத்தனை ஆட்டம் என்று சொல்வதில்லை. பத்தில் எட்டு ஒரே இடத்தில் விழுந்தால் அந்த ஒரு சந்தா போதும். நாலைந்து இடங்களில் சிதறினால் சேனல் தொகுப்பின் விலை திடீரென்று நியாயமாகத் தெரியும்.

எத்தனை நொடி பின்னால்?

பக்கத்து வீட்டில் ஆரவாரம் கேட்கிறது. உங்கள் திரையில் பந்துவீச்சாளர் இன்னும் ஓடி வந்துகொண்டிருக்கிறார். இணைய வேகம் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். வேகத்துக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. ஸ்ட்ரீமிங் என்பது வீடியோவைச் சிறு துண்டுகளாக வெட்டி அனுப்புவது. ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையில் முதலில் ஒரு துண்டு 10 நொடி; இப்போதைய பரிந்துரை 6 நொடி. பிளேயர் வழக்கமாக மூன்று துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஓடத் தொடங்கும். அங்கேயே 18 நொடி போயிற்று. என்கோடிங் (வீடியோவைச் சுருக்கி அனுப்பத் தயாராக்குவது), விளம்பரச் செருகல், விநியோக சர்வர்கள் எல்லாம் சேர்ந்தால் அரை நிமிடத்தைத் தாண்டுவது சாதாரணம். ஆன்டெனா அல்லது செயற்கைக்கோள் வழி பார்ப்பவர் சில நொடிகள் மட்டுமே பின்னால் இருப்பார்.

சேனல் தொகுப்புக்கு இதில் ஒரு கூடுதல் கைமாற்றம் உண்டு. ஒளிபரப்பாளர் அனுப்பும் சேனலை வாங்கி, தானே மறுபடி என்கோடு செய்து அனுப்ப வேண்டும். ஒளிபரப்பாளரின் செயலி மூலத்துக்கு ஒரு படி நெருக்கம், ஆனால் அதனால் வேகமாகத்தான் இருக்கும் என்று கட்டாயமில்லை. 2019இல் வந்த குறைதாமத எச்எல்எஸ் போன்ற முறையைப் பயன்படுத்தும் செயலி சில நொடிகளுக்குள் வந்துவிடும், பழைய முறையிலேயே இருக்கும் செயலியால் அது முடியாது. யூடியூப் டிவியின் பிளேயர் அமைப்பில் ஒளிபரப்புத் தாமதத்தைக் குறைக்கும் தேர்வு இருக்கிறது. அதை இயக்கினால் கையிருப்புத் துண்டுகள் குறையும். வைஃபை லேசாகத் தடுமாறினாலும் படம் நிற்கும். கம்பி இணைப்பு இருப்பவருக்கே அது ஏற்றது.

அளப்பது எளிது. இரண்டு சேவைகளிலும் ஒரே ஆட்டத்தைப் போட்டு, திரையிலுள்ள ஆட்டக் கடிகாரம் ஒரு குறிப்பிட்ட நொடியைத் தொடும்போது ஒன்றில் ஸ்டாப்வாட்சைத் தொடங்கி, மற்றதில் அதே நொடி வரும்போது நிறுத்துங்கள். அரைமணி இடைவெளியில் மூன்று முறை செய்யுங்கள். காரணம், படம் ஒருமுறை நின்று மீண்டும் ஓடினால் பல பிளேயர்கள் இழந்த நொடிகளைத் திரும்பப் பிடிப்பதில்லை, பின்தங்கியபடியே ஓடும். அப்போது ‘லைவ்’ பொத்தானை அழுத்த வேண்டும், அல்லது செயலியை மூடித் திறக்க வேண்டும். ஸ்கோர் செயலிகளின் அறிவிப்பை ஆட்ட நேரத்தில் அணைத்துவிடுங்கள். எந்த ஸ்ட்ரீமிங்கையும்விட அது முந்திக்கொள்ளும்.

பந்து ஏன் விட்டு விட்டு ஓடுகிறது?

விலைப்பட்டியலில் பெரிதாகத் தெரிவது 4கே. விளையாட்டுக்கு அதைவிட முக்கியமானது ஃப்ரேம் எண்ணிக்கை, அதாவது நொடிக்கு எத்தனை படங்கள் காட்டப்படுகின்றன என்பது. விளையாட்டு ஒளிபரப்பு நாட்டைப் பொறுத்து நொடிக்கு 50 அல்லது 60 ஃப்ரேமில் தயாராகிறது. செயலி அதைப் பாதியாக்கி 25 அல்லது 30இல் அனுப்பினால், கேமரா திரும்பும்போதெல்லாம் பந்து தாவித் தாவிப் போகும். 60 ஃப்ரேமில் வரும் 720பி, 30 ஃப்ரேமில் வரும் 1080பியைவிட ஆட்டம் பார்க்க நன்றாக இருக்கும். 4கே என்று விற்கப்படுவதில் கணிசமானது 1080பி எச்டிஆரில் (ஒளியையும் நிறத்தையும் விரிவாகக் காட்டும் முறை) தயாரித்துப் பெரிதாக்கப்பட்டது. அமெரிக்கக் கால்பந்தின் இறுதியாட்டமான சூப்பர் பௌலே 2020இல் அப்படித்தான் ஒளிபரப்பானது. எச்டிஆர் நிறம் உண்மையிலேயே அழகு. கூடுதல் பணம் கட்டத் தகுந்ததா என்றால், பெரும்பாலோருக்கு இல்லை.

இன்னொரு குழப்பம் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். ஆட்டம் 50 ஃப்ரேமில் வருகிறது, டிவி பாக்ஸ் 60 ஹெர்ட்ஸில் அனுப்புகிறது என்றால், ஒவ்வொரு நொடியும் 10 ஃப்ரேம்கள் இரண்டு முறை காட்டப்படும். திரையின் அடியில் ஓடும் ஸ்கோர் பட்டையைப் பாருங்கள்; எழுத்துகள் சீரான இடைவெளியில் வெட்டி வெட்டி நகர்ந்தால் நோய் இதுதான். சேவையை மாற்றுவதற்கு முன், பாக்ஸின் வீடியோ அமைப்பில் ஃப்ரேம் வேகத்தை உள்ளடக்கத்தோடு பொருத்தும் தேர்வை இயக்குங்கள். ஆப்பிள் டிவி பெட்டியில் இது 2017 முதல் உண்டு. செயலி அதை மதிக்காவிட்டால் வெளியீட்டைக் கையாலேயே 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றலாம். டிவியில் நேரடியாக நிறுவிய செயலி சில நேரம் இதைப் பாக்ஸைவிடச் சரியாகச் செய்யும். இரண்டிலும் போட்டுப் பார்ப்பது நல்லது.

டேட்டா கணக்கு: 8 எம்பிபிஎஸ்ஸில் வரும் நல்ல 1080பி ஒரு மணிக்கு 3.6 ஜிபி சாப்பிடும். நான்கு மணி நேர ஆட்டத்துக்கு 14 ஜிபிக்குச் சற்று மேல். மாத வரம்புள்ள இணைப்பில் இது சின்ன விஷயம் அல்ல.

கூட்டம் சேரும்போது

பெரிய ஆட்டத்தில் முதலில் விழுவது பெரும்பாலும் வீடியோ சர்வர் இல்லை, லாகின். லட்சக்கணக்கானோர் ஒரே ஐந்து நிமிடத்தில் நுழையும்போது கணக்கைச் சரிபார்க்கும் பகுதி திணறும். தொடக்கத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பே நுழைந்து ஸ்ட்ரீமை ஓடவிடுங்கள். உள்ளே இருப்பவரை அது பெரும்பாலும் பாதிப்பதில்லை. நடுவில் நின்றாலும் லாக்அவுட் மட்டும் செய்ய வேண்டாம்.

வாரந்தோறும் நேரலை நடத்தும் சேவைக்கும் எப்போதாவது நடத்தும் சேவைக்கும் இங்கே வித்தியாசம் தெரியும். 2023 உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதியாட்டத்தில் ஹாட்ஸ்டார் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பார்வையாளர்களைத் தாங்கியது. 2024 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் நடத்திய டைசன் குத்துச்சண்டையில் உச்சம் 6.5 கோடி ஸ்ட்ரீம்கள். படம் உறைந்ததாகவும் மங்கியதாகவும் ஏராளமான புகார்கள் எழுந்தன. பொது ஓடிடியின் தொழில்நுட்பம் குறைந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. படத்தை முன்கூட்டியே சர்வர்களில் அடுக்கிவைக்கலாம். நேரலையை அந்தந்த நொடியில்தான் அனுப்ப முடியும். அது தனிப் பயிற்சி.

ஒரே நேரத்தில் எத்தனை திரை என்பதையும் பாருங்கள். யூடியூப் டிவி அடிப்படைச் சந்தாவில் மூன்று. ஸ்லிங்கின் ஆரஞ்சு தொகுப்பில் ஒன்றே ஒன்று, நீலத்தில் மூன்று. ஈஎஸ்பிஎன் இருப்பதோ ஆரஞ்சில். கூடத்தில் ஒருவர் ஆட்டம் பார்க்கும்போது உள்ளறையில் இன்னொருவர் திறந்தால் ஒருவர் வெளியேற வேண்டியதுதான். விலை குறைவு ஏன் என்று கேட்பவர்களுக்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. மொபைல் மட்டும் என்ற மலிவுத் திட்டங்களும் அப்படியே, டிவியில் ஓடாது.

நேரம் தப்பினால்

நள்ளிரவு ஆட்டங்களை மறுநாள் பார்ப்பவருக்கு லீக் பாஸ்தான் முதலிடம். ஆட்டம் முழுதாகவும் சுருக்கமாகவும் கிடைக்கும், ஸ்கோரை மறைக்கும் தேர்வும் உண்டு. எஃப்1 டிவியின் உயர்நிலைச் சந்தாவில் ஒவ்வொரு காரின் கேமராவையும் அணியின் ரேடியோவையும் தனியே கேட்டுப் பார்க்கலாம். மற்ற வழிகளில் எளிதில் கிடைக்காத பொருள் அது. சேனல் தொகுப்பில் பதிவு வசதி நன்று. யூடியூப் டிவி ஒன்பது மாதம் வைத்திருக்கும். ஆட்டம் நீளக்கூடும் என்பதால் அதைத் தொடர்ந்து வரும் நிகழ்ச்சியையும் சேர்த்துப் பதிவில் போடுங்கள். ஒளிபரப்பாளர் செயலிகள் இதில் பின்தங்குகின்றன: முகப்பிலேயே கோப்பையோடு நிற்கும் படம் முடிவைச் சொல்லிவிடும். வீடியோவின் நீளமும் காட்டிக்கொடுக்கும். கால்பந்து இறுதியாட்டம் மூன்று மணி நேரம் என்று தெரிந்தால் கூடுதல் நேரமும் பெனால்டியும் உண்டு என்று புரிந்துவிடும்.

யாருக்கு எது?

ஒரே விளையாட்டு, ஒரே லீக், அதன் உரிமை ஒரே இடத்தில் என்றால் ஒளிபரப்பாளரின் செயலி. பருவம் தொடங்கும் மாதம் சேர்ந்து, முடியும் மாதம் நிறுத்துங்கள். வீட்டில் நாலு பேர், நாலு விளையாட்டு என்றால் தொகுப்பு. ஊரை விட்டு வந்த அணிப்பற்றாளருக்கு லீக் பாஸ். பொது ஓடிடியை விளையாட்டுக்காக மட்டும் வாங்கவே வேண்டாம். ஏற்கெனவே இருந்தால் அதில் வரும் ஆட்டங்கள் லாபம். இலவசச் சோதனை இருந்தால் ஆட்டம் இல்லாத நாளில் அதை வீணாக்காமல், பெரிய ஆட்டத்துக்கு முதல் நாள் தொடங்குங்கள். பருவப் பாஸ்கள் அடுத்த பருவத்துக்குத் தானாகப் புதுப்பிக்கப்படும். செயலிக் கடை வழியே வாங்கியதை அங்கேதான் ரத்து செய்ய முடியும், சேவையின் தளத்தில் தேடினால் பொத்தான் இருக்காது.

ஊர் மாறினால் எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். சேவை உங்கள் இணைய முகவரியைக் கொண்டு நாட்டை முடிவு செய்கிறது. பணம் கட்டிய நாடு எது என்பது இரண்டாம்பட்சம். ஐரோப்பிய ஒன்றியம் மட்டும் 2018 ஏப்ரல் 1 முதல் இதை மாற்றியது: அங்கே கட்டணச் சந்தாதாரர் தற்காலிகமாக வேறு உறுப்பு நாட்டுக்குப் போனாலும் சொந்த நாட்டில் கிடைப்பதையே பார்க்கலாம். மற்ற இடங்களில் பயணத்துக்கு முன்பே, போகும் நாட்டில் அந்தப் போட்டியின் உரிமை யாரிடம் என்று தேடிவைத்து, தேவையென்றால் ஒரு மாதச் சந்தா எடுப்பதுதான் வழி. வேறு நாட்டில் இருப்பதுபோலக் காட்டும் விபிஎன்னை நம்பிப் போக வேண்டாம். பெரும்பாலான சேவைகள் அதை விதிமுறையிலேயே தடுக்கின்றன, கண்டுபிடித்தால் ஆட்டத்தின் நடுவிலும் துண்டித்துவிடும்.