இருபது லட்சத்துக்கு ஒரு மாருதியா? குமரி மாவட்டச் சாலைகளில் கிராண்ட் விட்டாராவும் கிரெட்டாவும்

மாருதி என்றால் குறைந்த விலையில் வாங்கி, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கவலையின்றி ஓட்டி, பிறகு நல்ல விலைக்கே தள்ளிவிடக்கூடிய வண்டி என்பதுதான் எங்கள் மாவட்டத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் எண்ணம். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 விதைத்த எண்ணம் அது. ஆகவே காப்பீடு, வரி எல்லாம் சேர்த்து இருபது லட்சத்தைத் தாண்டும், பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட் வண்டியை வாங்க நாங்கள் முடிவெடுத்தபோது, "இவ்வளவு காசுக்கு மாருதியா அத்தான்?" என்று என் மைத்துனர் கேட்டதில் வியப்பில்லை. நாங்கள் அதற்கு எதிரே வைத்துப் பார்த்தது ஹூண்டாய் கிரெட்டா டீசலை. இரண்டையும் பலமுறை ஓட்டிப் பார்த்து, கடைசியில் கிராண்ட் விட்டாராவையே எடுத்தோம். எனவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

மைத்துனரின் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. விலையுயர்ந்த வண்டி விற்பதில் மாருதி முன்பு பலமுறை தோற்றிருக்கிறது. 2003இல் 2.7 லிட்டர் வி6 இன்ஜினுடன் கிராண்ட் விட்டாரா எக்ஸ்எல்-7 வந்தது. 2007இல் அடுத்த தலைமுறை கிராண்ட் விட்டாரா வந்தது. 2011இல் கிசாஷி என்ற பெரிய செடான் வந்தது. மூன்றும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானவை, மூன்றும் பெட்ரோலை அள்ளிக் குடிப்பவை, மூன்றும் தடமின்றிப் போயின. 2015இல், உயர்ரக வண்டிகளுக்கென மாருதி தொடங்கிய நெக்ஸா ஷோரூம்களின் முதல் வண்டியாக வந்த எஸ்-கிராஸின் 1.6 லிட்டர் டீசல் ரகத்துக்குச் சில மாதங்களிலேயே ஏறத்தாழ இரண்டு லட்சம் ரூபாய் விலையைக் குறைக்க வேண்டியதாயிற்று. இதையெல்லாம் பார்த்தவர்கள், மாருதி என்ற பெயருக்கு ஓர் எல்லை உண்டு, அதற்குமேல் மக்கள் பணம் போடமாட்டார்கள் என்று முடிவு கட்டினார்கள்.

அந்த முடிவை நான் ஏற்கவில்லை. அதற்குச் சான்று கிரெட்டாவிலேயே இருக்கிறது. ஹூண்டாயும் 1998இல் சான்ட்ரோ என்ற சின்ன வண்டியோடுதான் நம்மிடம் வந்தது. டெராகன், டூசான், சான்டா ஃபே என்று அந்த நிறுவனம் கொண்டுவந்த பெரிய வண்டிகள் நம் ஊர்த் தெருக்களில் அபூர்வமாகவே தென்பட்டன. 2015இல் வந்த கிரெட்டாவோ 2024 பிப்ரவரிக்குள் இந்தியாவில் பத்து லட்சம் விற்றுவிட்டது. முகப்பில் இருந்தது அதே ஹூண்டாய் சின்னம்தான். மாறியவை வேறு: வண்டி சென்னையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் தயாரானது, உதிரிபாகம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது, எரிபொருள் செலவு நடுத்தரக் குடும்பம் தாங்கும் அளவில் நின்றது. கிராண்ட் விட்டாராவிலும் இதுவே நடந்திருக்கிறது. கர்நாடகத்தின் பிடதியில் டொயோட்டா ஆலையில் தயாராகி 2022 செப்டம்பரில் விற்பனைக்கு வந்த அது, ஏறத்தாழ ஓராண்டில் ஒரு லட்சத்தையும் 2025இல் மூன்று லட்சத்தையும் கடந்தது. சின்ன வண்டிக்குப் பெயர்போன நிறுவனம் பெரிய எஸ்யூவி விற்க முடியுமா என்ற கேள்வியை, அந்த வண்டியை நான் வசிக்கும் ஊரில் வைத்துப் பராமரிக்க முடியுமா என்று மாற்றிக் கேட்டால்தான் விடை தெளிவாகும்.

பராமரிப்புக்கு வருமுன் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீளத்தில் இரண்டுக்கும் இடையே ஒன்றரை சென்டிமீட்டர்தான் வேறுபாடு. இரண்டிலும் இப்போது எல்லா ரகங்களிலும் ஆறு ஏர்பேக்குகள் உண்டு. உள் அலங்காரத்திலும் திரைகளின் பளிச்சிலும் கிரெட்டா ஒரு படி மேல். கடற்காற்றின் உப்பு இரண்டையும் ஒன்றுபோலவே அரிக்கும் என்பதால், குளச்சல், முட்டம் பக்கம் வீடு உள்ளவர்கள் எதை வாங்கினாலும் அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு கொடுத்துவிடுவது நல்லது.

ஓரிடத்தில் கிரெட்டா மிகத் தெளிவாக வெல்கிறது. அது டிக்கி. கிரெட்டாவில் 433 லிட்டர் இடம்; ஹைபிரிட் கிராண்ட் விட்டாராவில் பேட்டரி அந்த இடத்தை எடுத்துக்கொள்வதால் 265 லிட்டர்தான். வளைகுடாவில் ஆள் இல்லாத வீடு அரிதாக இருக்கும் இந்த மாவட்டத்தில் இது சின்ன விஷயமே அல்ல. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வந்து இறங்குபவரிடம் இரண்டு பெரிய சூட்கேஸ்களும், கயிறு கட்டி நான்கு புறமும் பெயர் எழுதி டேப் சுற்றிய ஓர் அட்டைப்பெட்டியும் கட்டாயம் இருக்கும். சூட்கேஸில் ஒன்று ஏறிய பிறகு அந்த அட்டைப்பெட்டி எங்கள் டிக்கியில் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அடங்காது. பின்இருக்கையில் ஒரு பக்கத்தை மடக்கித்தான் ஏற்ற வேண்டும், அப்போது அழைக்கப் போனவர்களில் ஒருவர் பேருந்தில் திரும்ப நேரும். அடிக்கடி விமான நிலையம் போகும் வீட்டுக்காரர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே கிரெட்டாவை எடுத்தால் அதில் தவறு காண முடியாது.

இழுவையிலும் டீசலே முந்துகிறது. இரண்டு வண்டிகளும் காகிதத்தில் 116 குதிரைத்திறன் காட்டினாலும், கிரெட்டா டீசலின் 250 நியூட்டன் மீட்டர் இழுவிசையை ஐந்து பேரோடு பேச்சிப்பாறைப் பக்க ஏற்றத்தில் ஏறும்போது நன்றாக உணரலாம். அதே ஏற்றத்தில் ஹைபிரிட்டின் மூன்று சிலிண்டர் இன்ஜின் முனகத் தொடங்குகிறது.

இவற்றையெல்லாம் மீறி நாங்கள் ஹைபிரிட்டை எடுத்ததற்குக் காரணம் எங்கள் சாலைகளின் தன்மை. நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, அங்கிருந்து பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று திருவனந்தபுரம் வரை போகும் சாலையில், ஓர் ஊர் முடிந்து வெட்டவெளி வந்து அடுத்த ஊர் தொடங்குவது என்பதே கிடையாது. கடையும் வீடும் பள்ளியும் தேவாலயமும் கோயிலும் இடைவெளியின்றித் தொடர்கின்றன. பேருந்து நின்றால் நாமும் நிற்க வேண்டும். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்த பிறகும் அதிலிருந்து இறங்கியவுடன் பழைய கதைதான்.

இப்படிப்பட்ட ஓட்டம் இன்றைய டீசல் இன்ஜினுக்கு ஒத்துவராது. பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்த பிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அடுப்புப் புகைபோக்கியில் கரி படிவதுபோல அதில் கரித்துகள் சேரும். சேர்ந்த கரியை வண்டி தானே எரித்துத் தீர்க்க, வடிகட்டி ஏறத்தாழ 600 டிகிரி சூடாக வேண்டும். அதற்கு ஓரளவு வேகத்தில், நிற்காமல், கால் மணி நேரமாவது ஓட வேண்டும். பாதி எரியும்போதே வண்டியை நிறுத்திவிட்டால் கரி மிஞ்சும். எரிப்பதற்காகக் கூடுதலாகச் செலுத்தப்படும் டீசலில் ஒரு பகுதி இன்ஜின் ஆயிலில் கலந்து அதன் தன்மையைக் கெடுக்கும். கரி அளவு மீறினால் சர்வீஸ் சென்டரில் கணினி வைத்துத்தான் எரிக்க வேண்டும், அதற்கும் மேலே போனால் வடிகட்டியையே மாற்ற வேண்டும், அது பெருஞ்செலவு. என்னோடு பணிபுரியும் ஒருவர் வேறொரு நிறுவனத்தின் டீசல் எஸ்யூவி வைத்திருக்கிறார். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் மட்டுமே ஓட்டுவதால் டேஷ்போர்டில் டிபிஎஃப் எச்சரிக்கை விளக்கு மஞ்சளாக அடிக்கடி எரிகிறது. எரிந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரல்வாய்மொழி தாண்டி நான்குவழிச் சாலையில் வள்ளியூர் வரை வேலையே இல்லாமல் போய்த் திரும்புகிறார். விளக்கு அணைகிறது, செலவான டீசலும் போன அரைநாளும் மைலேஜ் கணக்கில் வருவதில்லை. இது அந்த வண்டியின் குறையும் அல்ல, கிரெட்டாவின் குறையும் அல்ல. டிபிஎஃப் உள்ள எந்த டீசல் காருக்கும் எங்கள் ஊர் ஓட்டம் இந்தத் தொல்லையைத் தரக்கூடும்.

ஹைபிரிட்டுக்கு இதே நெரிசல்தான் தீனி. நாகர்கோவிலின் வடசேரியிலோ வெட்டூர்ணிமடத்திலோ ஊர்ந்து போகும்போது இன்ஜின் அணைந்து மோட்டாரில் ஓடுகிறது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் விசை பேட்டரியில் ஏறுகிறது. நிறுவனம் சொல்லும் 27.97 கிலோமீட்டர் எங்களுக்குக் கிடைத்ததில்லை. ஆனால் எவ்வளவு நெரிசலிலும் லிட்டருக்கு 20க்குக் கீழே இறங்கியதும் இல்லை. ஊருக்குள் ஓட்டும்போது கூடுவதும் வள்ளியூர் பக்கம் நூறில் ஓட்டும்போது குறைவதும் மற்ற வண்டிகளுக்கு நேர்மாறு. இதில் கிளட்ச் இல்லை, தனியாக ஸ்டார்ட்டர் மோட்டாரோ ஆல்டர்னேட்டரோ இல்லை. நெரிசலில் தேயக்கூடிய இந்தப் பாகங்கள் இல்லாத வண்டியில், இருக்கும் பிரேக் பேடும் மெதுவாகவே தேய்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். தெருமுனை ஒர்க்ஷாப்பில் இந்த வண்டியைத் தொடமாட்டார்கள். உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிறக் கேபிளைக் கண்டாலே மெக்கானிக் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு நிறுவன சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவிடுகிறார். வண்டியை உயிர்ப்பிக்கும் வேலை சிறிய 12 வோல்ட் பேட்டரியுடையது என்பதால், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும்போது மட்டும் எடுத்து ஓட்டும் வீடுகளில் அது செத்துக் கிடக்க வாய்ப்புண்டு. வாரம் ஒருமுறையாவது வண்டியை ஆன் செய்து வைக்க வீட்டில் ஆள் வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்குச் சாதாரண பெட்ரோல் ரகமே போதும். டொயோட்டா ஹைரைடரும் உள்ளே இதே வண்டிதான். எந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் உங்கள் வீட்டுக்குப் பக்கமோ அதை எடுக்கலாம்.

மாருதியின் பெயர் எந்த விலை வரை தாங்கும் என்பதற்கு இன்விக்டோ ஓர் எல்லைக்கல். டொயோட்டா இன்னோவா ஹைகிராஸையே மாருதி முகப்போடு 2023 ஜூலையில் 24.79 லட்சத்தில் தொடங்கி விற்றார்கள். அந்த விலைக்குப் போகிறவர்கள் இன்னோவாவையே கேட்கிறார்கள்; எங்கள் பக்கம் இன்விக்டோவைக் காண்பதே அரிது. பராமரிப்பில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லாதபோது, பழைய வண்டியாக விற்கையில் இன்னோவா என்ற பெயருக்குக் கிடைக்கும் விலையே அங்கே முடிவைத் தீர்மானிக்கிறது. ஆனால் 2025 செப்டம்பரில் விக்டோரிஸ் எஸ்யூவியை நெக்ஸாவில் வைக்காமல், ஆல்டோவும் வேகன்ஆரும் விற்கும் அரீனா ஷோரூம்களிலேயே மாருதி வைத்தது. இருபது லட்சம் வரை தங்கள் பெயருக்கு வாடிக்கையாளர் உண்டு என்ற நம்பிக்கை இல்லாமல் அதைச் செய்திருக்க முடியாது.

மறுவிற்பனை பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியாத ஒரு பகுதி உண்டு. ஹைபிரிட் பேட்டரிக்கு எட்டாண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம். 2022இல் விற்ற முதல் வண்டிகளுக்கே அது 2030இல்தான் முடியும். அதன் பிறகு பழைய கார் வாங்க வருபவர் பேட்டரியை நினைத்து எவ்வளவு விலை குறைப்பார் என்பது அப்போதுதான் தெரியும். கிரெட்டா டீசலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ வாரந்தோறும் போகிறவர்களுக்கு டிபிஎஃப் தொல்லையும் இருக்காது என்பதால், அவர்கள் அதையே எடுப்பது சரி. மாவட்டத்துக்குள்ளும் திருவனந்தபுரத்துக்குமாக ஓட்டி, ஏழு ஆண்டுகளுக்குள் மாற்றிவிடும் எண்ணமுள்ளவர்கள் ஹைபிரிட்டைத் துணிந்து எடுக்கலாம். சர்வீஸ் பில்களை மட்டும் ஒன்று விடாமல் கோப்பில் போட்டு வைக்க வேண்டும். பேட்டரிப் பரிசோதனை அறிக்கை இல்லாத ஹைபிரிட்டைப் பழைய வண்டி புரோக்கர்கள் இப்போதே விலை குறைத்துத்தான் கேட்கிறார்கள்.