டியூப்லைட்டைக் கழற்றிய இடத்தில் எதை மாட்டுவது?

சோக் வைத்த பழைய டியூப்லைட்டை இனியும் பழுது பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பாதரசம் உள்ள அந்தக் குழல்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்துவதென்று பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் ஜெனீவாவில் முடிவெடுத்துவிட்டன. கரண்ட் கணக்கும் இருக்கிறது: 36 வாட் குழல் சோக்கோடு சேர்ந்து 45 வாட் வரை இழுக்கும். அதே நான்கடி நீள எல்இடி பேட்டனுக்கு, அதாவது பட்டை வடிவ விளக்குக்கு, 20 வாட் போதும்.

கடையில் மூன்று வழி காட்டுவார்கள். சுவரில் பேட்டன், கான்கிரீட் கூரையில் நேராகத் திருகும் தட்டையான சர்ஃபேஸ் பேனல், கூரைக்குக் கீழே ஜிப்சம் பலகையால் ஃபால்ஸ் சீலிங் போட்டு அதற்குள் பதிக்கும் பேனல். மூன்றாவதுதான் பார்க்க அழகு, சந்தேகமில்லை. ஆனாலும் சாதாரண பத்தடி உயர வீட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

முதல் காரணம் ஃபேன். ஃபால்ஸ் சீலிங் அரையடியாவது கீழே இறங்கும். அதற்கேற்ப ஃபேன் ராடையும் நீட்ட வேண்டும், இறக்கை தலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். இதைவிடத் தொல்லை நிழல். விளக்கு இறக்கைக்கு மேலே இருந்தால், ஃபேன் சுற்றும்போது வெளிச்சம் விட்டுவிட்டு வெட்டும். கட்டிலில் படுத்துப் புத்தகம் படிப்பவருக்குக் கொஞ்ச நேரத்திலேயே கண் வலிக்கும். 48 அங்குல ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து இரண்டடி தூரம் சுற்றுகிறது. கூரையில் எந்தப் பேனல் போட்டாலும் அந்த வட்டத்தை விட்டு, முடிந்தவரை சுவர்ப்பக்கம் தள்ளிப் போடுங்கள். இறக்கைக்குக் கீழே, சுவரில் மாட்டிய பேட்டனுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது.

இரண்டாவது, விளக்கு போய்விடும் நாள். எல்இடியில் பெரும்பாலும் முதலில் போவது, அதற்கேற்ற மின்சாரத்தைக் கொடுக்கும் டிரைவர்தான். சூடு அதற்கு ஆகாது. பதிக்கிற பேனலில் டிரைவர் தனிப் பெட்டியாக மேலே கிடக்கும், அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இது உண்மையிலேயே நல்ல வசதி. ஆனால் பேனலையே மாற்ற வேண்டி வந்தால் சிக்கல். ஜிப்சம் பலகையில் ஆறங்குல ஓட்டை போட்டிருப்பார்கள். சில வருஷம் கழித்துக் கடையில் கிடைப்பது அதைவிடச் சிறியதாக இருந்தால் சுற்றிலும் இடைவெளி தெரியும். பெரியதாக இருந்தால் பலகையை அறுக்க வேண்டும். சர்ஃபேஸ் பேனலுக்கு ஓட்டைக் கணக்கு இல்லை. எந்த அளவு கிடைத்தாலும் இரண்டு திருகில் வேலை முடியும்.

சர்ஃபேஸ் பேனலின் குறை வயரிங். பழைய வீடுகளில் லைட் பாயின்ட் சுவரில்தான் இருக்கும், கூரையில் குழாய் ஓடியிருக்காது. கேசிங் பட்டி ஒட்டி வயரைக் கொண்டுபோகலாம். கொஞ்சம் வெளியே தெரியும், பரவாயில்லை. அதை மறைக்கக் கூரைத் தளத்தைக் கொத்த மட்டும் விடாதீர்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி வெளியே தெரிந்தால் துருப்பிடித்து, காரை பெயர்ந்து விழும்.

அதனால் வாடகை வீடு, பழைய வீடு என்றால் இருக்கிற பாயின்டிலேயே பேட்டன். புதிதாகக் கட்டுகிறவர்கள் கான்கிரீட் போடும் முன்பே கூரையில் ஓரமாக நாலு பாயின்ட் விட்டு, சர்ஃபேஸ் பேனல் போடலாம். ஃபால்ஸ் சீலிங் ஏற்கெனவே இருக்கிறதா? அப்போது பதிக்கிற பேனலே சரி; வாங்கும்போதே அதே அளவில் இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள்.

சமையலறைக்கு மட்டும் வேறு கணக்கு. நடுக்கூரையில் எவ்வளவு பெரிய பேனல் போட்டாலும், மேடைமுன் நிற்பவரின் நிழல் அரிவாள்மனைமேலேயே விழும். பருப்பில் கல் பார்க்க முடியாது. மேடைக்கு நேர் மேலே, அலமாரியின் அடியில் இரண்டடி பேட்டன் ஒன்று போடுங்கள். நிறம் 4000 கெல்வின் இருக்கட்டும், பெட்டியில் சிஆர்ஐ (பொருளின் நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 80-க்குக் குறையாமல் பாருங்கள். 90 கிடைத்தால் கீரை பழுத்திருப்பதும் மிளகாய்த்தூள் கருத்திருப்பதும் நன்றாகத் தெரியும். படுக்கையறைக்கு 3000 கெல்வின் மஞ்சள் ஒளி போதும்.