அம்மாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று கோத்தகிரியில் கேட்டபோது

போன அக்டோபரில் டொரண்டோவிலிருந்து கோத்தகிரிக்குப் போனேன். அம்மாவுக்கு 78 வயது. இரைப்பையில் புற்றுநோய், ஈரலுக்கும் போய்விட்டது என்று அண்ணன் போனில் சொன்னார். "டாக்டர் என்ன சொல்றார், எவ்வளவு காலம்?" என்று கேட்டேன். "அதை யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க தம்பி" என்றார். இரண்டு வாரம் லீவு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அது போதுமா, குறைவா என்று கணக்குப் போட என்னிடம் எதுவும் இல்லை.

வெளிநாட்டிலிருந்து இப்படி அவசரமாகக் கிளம்புகிறவர்களுக்கு முதலில் வழி விவரம். 2024 மே 7 முதல் வெளி மாவட்ட வண்டிகள் நீலகிரிக்கு ஏற இ-பாஸ் வேண்டும். உள்ளூர் டிஎன் 43 வண்டிகளுக்குத் தேவையில்லை. கோவையில் எடுத்த வாடகைக் காருக்கு டிரைவரே போனில் பதிவு செய்துவிட்டார், பெரிய சிரமம் இல்லை. குஞ்சப்பனை வழியாக ஏறினோம். மழைக்காலம் என்பதால் மலைப்பாதையில் மண் சரிந்த இடங்களில் நின்று நின்றுதான் போக முடிந்தது. இந்தப் பாதையில்தான் அண்ணன் அம்மாவை மூன்று தடவை கீழே கூட்டிப்போய் வந்திருக்கிறார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அம்மா வாந்தி எடுத்தார்களாம்.

மறுநாளே கோவையில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் அண்ணனும் ரிப்போர்ட்டுகளோடு போனோம். மருத்துவர் நல்லவர், பொறுமையாகப் பேசினார். ஸ்கேன் படத்தைக் காட்டி விளக்கினார். காலத்தைப் பற்றிக் கேட்டதும், "இன்னும் ரெண்டு கீமோ கொடுத்துப் பார்ப்போம், நம்பிக்கையா இருங்க" என்றார். வேறு விதமாகக் கேட்டேன். லீவை நீட்டிக்கவா, போய்விட்டு ஜனவரியில் வரவா? "அதெல்லாம் ஆண்டவன் கையில" என்றார். அந்தப் பதில் எனக்குக் கோபத்தைவிட பயத்தையே தந்தது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் இணையத்தில் தேடினேன். அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக சான் பிரான்சிஸ்கோ மருத்துவர்கள் நடத்தும் 'இ-ப்ராக்னோசிஸ்' தளத்தில் பல கணக்கீடுகள் இருக்கின்றன. 2006-ல் வந்த லீ அளவுகோல் அதில் ஒன்று. வயது, ஆணா பெண்ணா, புற்றுநோய், சர்க்கரை, புகைப்பழக்கம் என்று 12 விஷயங்களுக்கு மதிப்பெண் போட்டு, நாலு வருடத்துக்குள் இறக்கும் வாய்ப்பைச் சொல்கிறது. அம்மாவுக்குப் போட ஆரம்பித்தேன். உயரத்துக்கேற்ற எடை (பிஎம்ஐ) 25-க்குக் கீழே இருந்தால் ஒரு புள்ளி. அம்மா வாழ்நாள் முழுக்க ஒல்லிதான். இலங்கையில் ஹட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கே வந்து, டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களில் தடித்த பெண்களை நான் பார்த்ததே இல்லை. நோயால் பணக்கணக்கு பார்க்க முடியாமல் போனதா என்று ஒரு கேள்வி. பாஸ்புக் எப்போதும் அண்ணனிடம்தான். சில தெருக்கள் தூரம் நடக்க முடியுமா என்று இன்னொன்று. எங்கள் வீட்டுக்குப் போக ரோட்டிலிருந்து எழுபது படி ஏற வேண்டும், இதில் தெருக்களை எங்கே எண்ணுவது?

கணக்கீடு மோசம் என்று சொல்லவில்லை. அது அமெரிக்காவில் 50 வயது தாண்டிய ஆயிரக்கணக்கானவர்களைப் பின்தொடர்ந்து செய்தது. ஒரு முதியவருக்கு இனிமேல் குடல் பரிசோதனை தேவையா, சர்க்கரையை இறுக்கிப் பிடிக்க வேண்டுமா என்பதுபோன்ற நீண்டகால முடிவுகளுக்குப் பயன்படும். எங்கள் கேள்வி நாலு வருடத்தைப் பற்றியது இல்லை. தீபாவளியைப் பற்றியது.

மூன்றாம் நாள், பக்கத்து வீட்டு அக்கா சொல்லி, மலையிலேயே இருக்கும் ஒரு சிறிய அறக்கட்டளை மருத்துவமனைக்குப் போன் செய்தோம். அங்கே நோய் ஆதரவு சிகிச்சைக்கென்று, அதாவது குணமாக்க முடியாத நோயில் வலியையும் கஷ்டத்தையும் குறைப்பதற்கென்று, ஒரு டாக்டரும் ஒரு சிஸ்டரும் இருந்தார்கள். மறுநாள் காலை இருவரும் ஜீப்பில் வந்து அந்த எழுபது படியையும் ஏறினார்கள்.

சிஸ்டர் பையிலிருந்து ஒரே ஒரு தாளை எடுத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது, ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த தாள். டொரண்டோவில் என் நண்பரின் அப்பா வீட்டிலேயே இறந்தபோது வந்த நர்ஸும் அதைத்தான் வைத்திருந்தார். பிபிஎஸ் என்பார்கள், நோயாளி எவ்வளவு தளர்ந்திருக்கிறார் என்று அளக்கும் தாள். கனடாவின் விக்டோரியா நகரத்து ஹாஸ்பிஸில், அதாவது இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்தில், உருவாகி 1996-ல் வெளியானது. நடமாட்டம், வேலை செய்யும் திறனும் நோயின் அளவும், தன்னைத்தானே கவனித்துக்கொள்வது, சாப்பாடு, நினைவு என்று ஐந்து கட்டங்கள். முழு நலம் என்றால் நூறு, அதிலிருந்து மரணம் என்ற பூஜ்யம் வரை பத்துப் பத்தாக இறங்கும். ஊசி வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், கரண்ட்டும் வேண்டாம்.

"நேத்து பாட்டி எத்தனை தடவை கட்டிலை விட்டு எறங்குனாங்க?" என்று அண்ணியிடம் கேட்டார். "குளிக்க நீங்கதான் கூட நிக்கிறீங்களா? கஞ்சி எத்தனை கரண்டி போச்சு? பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்குறாங்களா?" அண்ணி ஒவ்வொன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் யாரும் அண்ணியிடம் எதையும் கேட்டதில்லை. அங்கே ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றது நாங்கள் ஆண்கள்தான். அம்மாவை இரவும் பகலும் பார்த்தவர் அவர்.

40 என்று வந்தது. அதாவது நாளின் பெரும்பகுதி படுக்கையில். அப்புறம் டாக்டர் கால் வீக்கத்தை அமுக்கிப் பார்த்தார், சும்மா இருக்கும்போது மூச்சு வாங்குகிறதா, குழப்பமாகப் பேசுகிறார்களா என்று கேட்டார். 1999-ல் ஜப்பானில் வெளியான இன்னொரு அளவுகோலுக்கான கேள்விகள் இவை. பிபிஎஸ் 40-க்கு 2.5, ஒரு வாய் இரண்டு வாய் சாப்பாட்டுக்கு 2.5, வீக்கத்துக்கு 1. மொத்தம் 6. நாலைத் தாண்டினால் ஆறு வாரத்துக்குள், ஆறைத் தாண்டினால் மூன்று வாரத்துக்குள் என்பது அதன் கணிப்பு.

எங்களிடம் சொல்வதற்கு முன் டாக்டர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "அம்மா, உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க?" அம்மா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்கள். "சொல்லுங்க சாமி. நடுவட்டத்துல தங்கச்சி இருக்கா, அவளைப் பாக்கணும்" என்றார்கள். "வாரக்கணக்குதான் அம்மா, மாசக்கணக்கு இல்ல. தங்கச்சியை இந்த வாரமே வரச் சொல்லுங்க" என்றார். அண்ணன் வெளியே போய்விட்டார். அம்மா அழவில்லை. சிஸ்டரிடம் டீ குடித்தீர்களா என்று கேட்டார்கள்.

வாசலில் டாக்டரிடம் கேட்டேன், கோவையில் ஏன் சொல்லவில்லை? அவர் யாரையும் குறை சொல்லவில்லை. சிகாகோவில் நடந்து 2000-ல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொன்னார். 343 மருத்துவர்கள், ஹாஸ்பிஸுக்கு அனுப்பிய 468 நோயாளிகளுக்கு எவ்வளவு காலம் என்று கணித்தார்கள். ஓரளவு சரியாக இருந்தது 20 சதவீதம்தான். 63 சதவீதம் உள்ளதைவிடக் கூட்டிச் சொன்னது. மொத்தத்தில் சுமார் ஐந்து மடங்கு அதிகம். அதைவிட முக்கியமான விஷயம், நோயாளியோடு நெடுநாள் பழகிய மருத்துவர்களின் கணிப்பு இன்னும் அதிகமாகத் தவறியது. "பாசம் வந்துட்டா கண்ணு மறைக்கும். அதனாலதான் தாளை வெச்சுக்கிட்டுக் கேக்குறோம்" என்றார். ஒரு தடவை போட்ட எண்ணை நம்ப வேண்டாம், வாரத்துக்கு வாரம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

அன்றே கீமோ வேண்டாம் என்று முடிவு செய்தோம். டிக்கெட்டை நவம்பருக்கு மாற்றினேன், கட்டணம் கட்டத்தான் வேண்டியிருந்தது. வலிக்கு மார்ஃபின் மாத்திரை, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து. போதைப்பொருள் சட்டத்தில் 2014-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகும் எல்லா மருந்துக்கடையிலும் மார்ஃபின் வைப்பதில்லை, அங்கீகாரம் பெற்ற இடத்தில்தான் கிடைக்கும். மலையில் இருப்பவர்கள் அது எங்கே என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலும் வீட்டுக்கு வந்து நோய் ஆதரவு சிகிச்சை தருகிறார்கள். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை கொடுக்க அந்தத் திட்டத்துப் பெண் மாதாமாதம் வந்துகொண்டுதான் இருந்தார். அவரிடம் இதைக் கேட்கலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

சின்னம்மா ஐந்தாம் நாள் ஊட்டி வழியாக வந்தார்கள். அம்மா அன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். இருவரும் ஹட்டன் தோட்டத்து லயத்து வீட்டைப் பற்றியும் கப்பலில் வந்ததைப் பற்றியும் பேசினார்கள். பாதி எனக்குத் தெரியாத பெயர்கள். சின்னம்மா மூன்று ராத்திரி தங்கி அம்மாவின் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் சிஸ்டர் 30 என்று எழுதினார், அதற்கடுத்த வாரம் 20. மூச்சு வாங்க ஆரம்பித்ததும், "இனி நாள் கணக்கு. யாராவது வரணும்னா இன்னைக்கே சொல்லிடுங்க" என்றார். சென்னையிலிருந்து அண்ணன் மகள் மறுநாள் ராத்திரி பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். முதல் தாள் எழுதிய இருபத்து நாலாம் நாள் விடியற்காலையில் அம்மா போனார்கள். அண்ணி கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், நான் கால்மாட்டில் இருந்தேன்.