40 குவளைத் திருவிருந்துத் தட்டு: வாங்கலாமா?

தேவாலயத் திருவிருந்தில் (நற்கருணையில்) ஆளுக்கொரு சிறு குவளையில் திராட்சரசம் கொடுக்க, துருப்பிடிக்காத எஃகில் செய்த வட்டத் தட்டு. குவளைக்கு 10 மில்லி வீதம் 400 மில்லி திராட்சரசம் போதும்; விளிம்புவரை ஊற்றினால் தட்டுகளை அடுக்கும்போதே சிந்தும். கண்ணாடிக் குவளை கனம், ஆனால் வெந்நீரில் கழுவலாம். பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து கறை தங்கும்.

சுத்தத்துக்கு முழு மதிப்பெண். கவலை வேறு. பொதுக் கிண்ணத்தில் யார் முதலில் பருகுவது என்று சாதி பார்த்த வரலாறு தமிழ்ச் சபைகளுக்கு உண்டு. 1833-இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் ஆணையிட்டுத் தடுக்கவேண்டி வந்தது. தனிக் குவளை அந்தப் பிளவைத் தீர்க்காது, மூடிவைக்கும். தெருவாரியாகத் தட்டு ஒதுக்கவே கூடாது. எல்லாத் தட்டையும் ஒரே குடுவையிலிருந்து நிரப்புங்கள். ஒரே அப்பத்தைப் பிட்டுக் கொடுங்கள். வரிசையை ஒவ்வொரு முறையும் வேறு பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.